கையெழுத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம்

இரவு ஒன்றரை மணிக்கு போன் அடித்தால், எங்கோ ஒரு பசு கன்று ஈன முடியாமல் முக்கிக்கொண்டு கிடக்கிறது என்றுதான் அர்த்தம். முப்பது வருடக் கால்நடை மருத்துவப் பழக்கத்தில் கை தானாகவே பேறுகாலப் பையை எடுத்துவிடும். அன்று அழைத்தது போலீஸ். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரியை நிறுத்தி வைத்திருக்கிறோம், மாடுகள் இருக்கின்றன, வந்து பார்த்து சர்டிபிகேட் தர வேண்டும் என்றார்கள்.

தார்ப்பாயை அவிழ்த்ததும் முதலில் வந்தது வாடைதான். டார்ச் அடித்து எண்ணினேன். இருபத்து மூன்று. இருபத்து இரண்டு நின்றுகொண்டிருந்தன, ஒன்று மற்றவற்றின் காலடியில் கிடந்தது. ஒரு மாட்டின் வாலைத் தடவிப் பார்த்தேன். கணுக்கணுவாக உடைந்திருந்தது. அதற்கடுத்த மாட்டின் இரண்டு கண்களிலிருந்தும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. இமையை விரித்தால் மிளகாய் விதை.

ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கலாம். பயந்து போயிருந்தார். "அம்மா, படுத்துச்சுன்னா மத்த மாடு மிதிச்சே கொன்னிரும். நிக்க வைக்கதுக்காகத்தான் அப்படிச் செய்யது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாடு நிற்க வேண்டிய இடத்தில் இருபத்து மூன்றை ஏற்றிவிட்டால், படுக்கிற மாடு செத்துத்தான் போகும். அப்புறம் வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் வைப்பதும் அந்த ஏற்பாட்டின் வேலைமுறையாகவே ஆகிவிடுகிறது.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். இருபத்து மூன்று மாடுகளும் நல்ல உடல்நிலையில் இருக்கின்றன, தொற்றுநோய் இல்லை, பயணத்துக்குத் தகுதியானவை என்று அதில் எழுதியிருந்தது. எல்லா மாட்டுக்கும் ஒரே வயது போட்டிருந்தது. கீழே ஒரு கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை.

அதைப் போட்டவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழுந்துவிட்டது. பணியில் சேர்ந்த முதல் வருடம், வேறொரு மாவட்டத்தில், ஒரு மாலை நேரத்தில் நானும் இதே மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்து போட்டிருக்கிறேன். லாரி வாசலில் நின்றது. கூட இருந்த மூத்தவர் ஒருவர், "ஏறி இறங்கிப் பார்த்துக்கிட்டா இருப்பாங்க? போட்டுக் குடும்மா" என்றார். கீழே நின்றபடியே பின்பலகை வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தேன். லாரி போய்விட்டது. அந்த மாடுகளில் ஒன்று சினையாக இருந்ததா, ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. பார்க்காததால் தெரியாது. பார்த்தேன் என்றுதான் அந்தக் காகிதம் சொன்னது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாடு எங்கே போகிறது, அதை யார் சாப்பிடுகிறார்கள் என்பது என் விஷயம் இல்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாட்டிறைச்சி சாதாரணமான உணவு. கறவை வற்றிய மாட்டை விற்க முடிந்தால்தான், காலையில் பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியோடு போகிற பெண்ணால் அடுத்த மாடு வாங்க முடியும். லாரியை மறித்து ஓட்டுநரை அடிக்கிறவர்களை விலங்குகளின் காவலர்கள் என்று நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மாடு போகிற கடைசி 200 கிலோமீட்டரும் அதற்கு நரகமாக இருக்கக் கூடாது.

அது நரகமாக இருக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. முடிந்தவரை மாடு எஞ்சின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் மிரளாது. ஏற்றி இறக்கச் சரிவுப்பலகை வேண்டும். முதலுதவிப் பெட்டி கூடப் போக வேண்டும். தகுதியான கால்நடை மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லாவிட்டால் ஏற்றவே கூடாது. மாட்டைத் தெரிந்தவர்கள் எழுதிய விதிகள் என்று படிக்கும்போதே புரியும். ஆனால் இத்தனையும் கடைசியில் வந்து நிற்பது ஒரு மருத்துவரின் கையெழுத்தில். அந்தக் கையெழுத்தைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, வெளிச்சம் இருக்கிறதா, மாட்டைக் கீழே இறக்கிக் காட்டினார்களா, "முடியாது" என்று சொன்னால் அவர் கதி என்ன, இதையெல்லாம் விதி கேட்கவே இல்லை.

இன்னொரு விதி இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. 2001-இல் வந்த இறைச்சிக்கூட விதிகள். அதன்படி ஒரு கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 96-க்கு மேல் கூடாது. ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம். முதல்முறை படித்தபோது நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்து நிமிடத்தில் என்ன பார்க்கலாம் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் பார்க்கலாம், கண், வாய், குளம்பு பார்க்கலாம். நாலடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கலாம். வயிற்றில் கை வைத்துப் பார்க்கலாம். சினை மாட்டையும், மூன்று மாதத்துக்குட்பட்ட கன்றுள்ள தாயையும் வெட்டக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. நேரம் கொடுக்காமல் அதைக் கண்டுபிடிக்கச் சொல்ல முடியாது என்று எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உண்டு என்றால், லாரியில் ஏற்றுவதற்கு முன்னாலும் அந்த ஐந்து நிமிடம் வேண்டும். என் பணிக்காலம் முழுவதையும் சுருக்கி ஒரு கோரிக்கையாக எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

சரி, விதியை மீறினால் என்ன தண்டனை? மூலச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-ஆவது பிரிவில் அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமக்க வைப்பது, பட்டினி போடுவது, வதைபடும்படி ஏற்றிச் செல்வது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் திரும்பச் செய்தால் 25-லிருந்து 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் 50 ரூபாய் பெரிய காசு. இன்று மார்த்தாண்டத்தில் நாலு பேர் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகும். அன்றைக்கு அந்த லாரியைப் பிடித்த சப்-இன்ஸ்பெக்டர் விடிய விடியக் காகிதம் எழுதினார். அவர் முகத்தில் இருந்த களைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இவ்வளவு எழுதுவதும் ஐம்பது ரூபாய்க்காக.

மாட்டைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. ஆனால் அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கிற குற்றங்களின் வரிசையில் வருகிறது. மாடு உடைமை, உடைமையைக் கெடுத்தால் ஐந்து வருடம். மாடு வலி தாங்குகிற உயிர் என்று பார்க்கிற சட்டத்தில் ஐம்பது ரூபாய். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

இந்தச் சட்டம் வந்த கதையில் எங்கள் தொழில் பெருமைப்பட அதிகம் இல்லை. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்ததுதான் தொடக்கம். அவர் நாட்டியக் கலைஞர். அரசே ஒரு சட்டம் கொண்டு வரும் என்று நேரு சொன்னதன் பேரில் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த வாக்குறுதி 1960-இல் சட்டமானது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர், தலைமையகம் சென்னையில். பல பத்தாண்டுகள் அங்கே இருந்து, பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. நான் அங்கேதான் படித்தேன். அரை நூற்றாண்டாக மருத்துவர்களை உருவாக்கிய ஊரில், வதையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றவர் ஒரு நாட்டியக்காரர். எங்களுக்குத் தெரிந்திருந்தது, நாங்கள் பேசவில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பூதப்பாண்டிப் பக்கம் வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டினார். நெல், தேங்காய், கோட்டாறு கம்போளத்துக்குச் சரக்கு. உச்சிவெயில் ஏறினால் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி நுகத்தை அவிழ்த்துவிடுவார். சரக்குக்காரர் திட்டினாலும் மூன்று மணிக்கு முன்னால் பூட்ட மாட்டார். சாயந்திரம் இரண்டு மாட்டின் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகிற இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வண்டிமாட்டை வேலை வாங்கக் கூடாது, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் விதிகள் சொல்வதைக் கல்லூரியில் படித்தபோது, அப்பாவை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. அவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

ஆனால் அதே அப்பா, மாடு நொண்டினால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் சப்பையில் சூடு போடச் சொல்வார். நானே பார்த்திருக்கிறேன். மாடு அலறும்போது திரும்பி நின்றுகொள்வார். கண் கலங்கியிருக்கும். மாட்டின் நல்லதுக்கு என்று நம்பித்தான் செய்தார். அந்தப் புண் ஆற ஒரு மாதம் ஆகும். நொண்டுவதற்குக் காரணம் குளம்புக்குள் இருக்கிற ஒரு சின்னக் கல்லாகக்கூட இருக்கலாம். பாசத்தோடு அறிவும் சேர வேண்டும் என்று என்னைக் கால்நடை மருத்துவம் படிக்க வைத்தது அந்தச் சூட்டுத் தழும்புதான்.

கல்லூரியில் வலியைப் பற்றி எங்களுக்கு அதிகம் சொல்லித் தரவில்லை. மாட்டை எப்படிக் கட்டிப்போடுவது என்று நன்றாகச் சொல்லித் தந்தார்கள். ஆடாமல் கிடந்தால் அறுவை செய்யலாம். ஆடாமல் கிடப்பதும் வலிக்காமல் இருப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெளியப் பல வருடம் ஆனது. கன்றுக்குக் கொம்பு சுடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் வரை கொம்பு முளை மண்டையோட்டோடு ஒட்டாமல் தோலில்தான் இருக்கும். அதற்குள் சுட்டுவிட்டால் சின்ன வேலை. கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவில் ஓடுகிற நரம்பில் மரத்துப்போகச் செய்கிற லிக்னோகெய்ன் ஊசி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் கன்றுக்குத் தெரியவே தெரியாது. மருந்துச் செலவும் பெரிதில்லை. ஆனால் கொம்பு நீக்குவது, காயடிப்பது, மூக்குக் குத்துவது எல்லாம் விதித்த முறைப்படி செய்தால் வதை ஆகாது என்று 1960 சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. மரத்துப்போக ஊசி போடு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை.

குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதம். "எதுக்கு டாக்டரம்மா ஊசியும் காத்திருப்பும்? ஒரு நிமிசம் பிடிச்சா தீருத காரியமாக்கும்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். ரப்பர் வெட்டிவிட்டு வந்து களைத்திருந்தார், அவர் அவசரமும் நியாயம்தான். நான் ஊசி போட்டுவிட்டு அவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சுட்டேன். கன்று காதைக்கூட ஆட்டவில்லை. அவிழ்த்துவிட்டதும் நேராகத் தாயின் மடிக்குப் போய் முட்டி முட்டிக் குடித்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "போன கண்ணுக்குட்டி மூணு நாளு தீவனம் எடுக்கல்ல" என்றார். அடுத்த முறை அவரே பக்கத்து வீட்டுக் கன்றையும் கூட்டி வந்தார், ஊசி போட்டுச் செய்யணும் என்று சொல்லி. இந்த மாதிரி வெற்றிகள் எனக்கு நிறைய உண்டு. ஒரு கன்றுக்கு ஒரு வெற்றி. நான் மாறுதலாகிப் போனால் அந்த ஊரில் அதுவும் முடிந்துவிடும். சட்டத்தில் ஒரு வரி இருந்தால் அது என்னோடு வண்டி ஏறிப் போகாது.

மூரிக்கன்றுகளின் கதை இன்னும் கஷ்டமானது. உழவு டிராக்டருக்குப் போன பிறகு கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. தாய்ப்பாலை விற்க வேண்டும், கன்று குடித்தால் நஷ்டம். யாரும் அடித்துக் கொல்வதில்லை. சீம்பால் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், பிறகு கஞ்சித்தண்ணீர், பிறகு ஒரு நாள் இருக்காது. இந்த விஷயத்தில் சட்டத்தைக் காட்டி, பால் விற்றுப் பிழைக்கிற பெண்ணை மிரட்ட எனக்கு வாய் வந்ததே இல்லை. அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாலிலிருந்துதான் பள்ளிக்கூடச் செலவு. இப்போது பாலினம் பிரித்த விந்துக்குச்சி வந்திருக்கிறது. சினை ஊசிக்கு அதைப் பயன்படுத்தினால் பத்தில் ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். பட்டினி கிடந்து சாக வேண்டிய கன்று பிறக்காமலே போகிறது. விலங்கு நலம் என்றால் தண்டனை மட்டும் இல்லை என்று நான் இளம் மருத்துவர்களிடம் சொல்லும்போது இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஆரல்வாய்மொழிக் காளையைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. எழுதக் கஷ்டமாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை இரவு. கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற மாதம். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை, யாருக்கும் சொந்தமில்லாதது, ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. முதுகெலும்பு நடுவில் முறிந்திருந்தது. பின்னங்கால்களில் ஊசியால் குத்தினால் உணர்ச்சி இல்லை. முன்னங்கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன. அதுதான் கொடுமை. திரும்பத் திரும்ப முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும், பின்பாதி வராது, தாடை தரையில் அடிக்க விழும்.

பிழைக்காது என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. அமைதியாக அனுப்பிவைக்கிற மருந்து என் பையிலேயே இருந்தது. ஆனால் சட்டத்தின் 13-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? உரிமையாளர் இல்லாதபோது, காவலருக்கு மேற்பட்ட நிலையில் இருக்கிற போலீஸ் அதிகாரி கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அதன் பிறகு நீதித்துறை நடுவரின் உத்தரவு பெற்றுத்தான் அந்த விலங்கின் உயிரை முடிக்கலாம். சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அம்மா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நான் ஆர்டருக்கு எங்க போவேன்? நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார். ஒரு பாட்டி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து அதன் வாயில் ஊற்றினாள். "சாமி மாடு, கொன்னுராதீங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கத்திலேயே நின்ற அவள் மகன், "ஒரு ஊசிய போட்டு விட்டிருங்கம்மா, பாக்க முடியல்ல" என்றான்.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். மயக்க ஊசி, வலிக்கு ஊசி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மயக்கம் தெளியும், அது மறுபடி முன்னங்காலை ஊன்றும், மறுபடி போடுவேன். சாக்கை மடித்து தாடைக்குக் கீழே வைத்தோம். ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு அது தானாகவே அடங்கியது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடுவரின் உத்தரவு என்ற பாதுகாப்பு தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊசியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் எங்களிலும் இருப்பார்கள். ஆனால் இரண்டு பதிவுபெற்ற மருத்துவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், போலீஸ் அதிகாரி சாட்சியாக இருந்தால், அந்த இடத்திலேயே முடிக்கலாம் என்று சட்டத்தை மாற்றலாம். காகிதம் மறுநாள் நடுவரிடம் போகட்டும்.

மாற்றங்கள் பேசப்படாமல் இல்லை. 1965-இல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஐந்து சுதந்திரங்கள் என்ற கருத்து. பசி தாகம் இல்லாமல், வசதிக்குறைவு இல்லாமல், வலியும் நோயும் இல்லாமல், பயமும் தவிப்பும் இல்லாமல், தன் இயல்பின்படி நடந்துகொள்ள முடிகிற வாழ்க்கை. இதை இன்றைய வடிவத்துக்குச் செதுக்கியவர்களில் முக்கியமானவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெப்ஸ்டர், ஒரு கால்நடை மருத்துவர். 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும் தீர்ப்பில் எடுத்து எழுதியது. அபராதத் தொகைகளை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. ஜல்லிக்கட்டு விஷயம் 2017-இல் மாநிலத் திருத்தமாகி, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்று சொல்லி முடிந்தது. அதைப் பற்றி ஊரே பேசியது. அதே 2014 தீர்ப்பு அபராதத்தைப் பற்றிச் சொன்னதை யாரும் பேசவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. ஐந்து சுதந்திரங்கள் அதில் இருந்தன. கொடூர வதைக்கு 50,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாய் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்றும் இருந்தது. நான் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மருத்துவர்கள் எல்லாரையும் எழுதச் சொன்னேன். சிலர்தான் எழுதினார்கள்.

2017-இல் வந்த கால்நடைச் சந்தை விதிகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. சந்தையில் மாட்டைச் சூடு போட்டு அடையாளம் வைக்கக் கூடாது, கொம்பைச் சீவிச் சாயம் பூசக் கூடாது, காதை அறுக்கக் கூடாது என்று நல்ல பகுதிகள் அதில் இருந்தன. ஆனால் இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கவே கூடாது என்ற ஒன்றையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். விவசாயிகளும் கேரளமும் கொதித்தெழுந்தது நியாயம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது, உச்ச நீதிமன்றமும் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. மாட்டின் வலியைப் பற்றிய வரிகளும் அந்தச் சண்டையிலேயே அமுங்கிப்போயின. கால்நடை மருத்துவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசியிருந்தால், வலியைத் தனியாகவும் அரசியலைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்திருப்போம்.

நாங்கள் ஏன் பேசுவதில்லை என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் உண்டு, வெளியில் பேச யோசிப்போம். ஊர்க்காரர்களை நம்பித்தான் பிழைப்பு, ஒரு மாட்டுக்காரர் மீது புகார் எழுதினால் அடுத்த நாள் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் வராது. மேலிடத்தில் பிடிக்காவிட்டால் மாறுதல். இதெல்லாம் உண்மை. இதையெல்லாம் நானும் முப்பது வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் குடல் சரிந்த மாட்டையும், கழுத்தில் கயிறு பதிந்து புழுத்த நாயையும், காலில் சங்கிலிப் புண்ணோடு தார்ச்சாலையில் நிற்கிற யானையையும் தினமும் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். வக்கீலுக்கும் அதிகாரிக்கும் அது காகிதத்தில்தான் வரும். ஒவ்வொரு மாவட்டத்திலும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அந்த மேஜையில் மருத்துவர் கூட்டக் குறிப்பில் கையெழுத்து போடுகிறவராக மட்டும் இருக்கக் கூடாது, முதலில் பேசுகிறவராக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மாலை ஆறரைக்கு ஒரு இளம் மருத்துவரிடமிருந்து போன். பணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அவளுக்கு. "மேடம், ஒரு லோடுக்கு சர்டிபிகேட் கேட்டு வந்திருக்காங்க. ஒன்பது மாடு ஏத்தியாச்சு. இறக்கிக் காட்டினாத்தான் பார்ப்பேன்னு சொல்லிட்டேன். பலகை இல்ல, நேரம் இல்லன்னு சத்தம் போடுறாங்க. என்ன செய்யட்டும்?"

"நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"போட மாட்டேன் மேடம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அவள் வெளிவாசல் விளக்கைப் போட்டுவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வியாபாரி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே அலுத்துப்போய், பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஆளை வைத்து இரண்டு சாரப்பலகை எடுத்து வரச் சொன்னார். கீழே மணல்மூட்டை அணை கொடுத்து, வழுக்காமல் இருக்க மேலே சாக்கு விரித்தார்கள்.

"ஒன்னொன்னா" என்றாள் அவள். "ஆறு மாடுதான் திரும்ப ஏறும். மூணு இங்கயே நிக்கட்டும், நாளைக்கு வேற வண்டியில போகும்."

முதல் மாடு பலகையின் விளிம்புக்கு வந்து நின்றது. ஒரு காலை வைத்துப் பார்த்தது, எடுத்துக்கொண்டது. பின்னால் நின்ற பையன் கம்பை ஓங்கினான். அவள் கையைக் காட்டினாள், அவன் இறக்கிவிட்டான். எல்லாரும் அப்படியே காத்திருந்தோம்.